சுவரைப் பற்றிப் பேசாத பயணம்

"அப்போ வானம் இடிஞ்சு விழுந்தாக்கூட சொல்லக் கூடாதா?"

"வானம் சுவர் இல்லையே. வானத்தைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

"கூரை?"

"கூரையும் கிடையாது. சுவர், கூரை, தூண், தரை, படிக்கட்டு. நேத்தே பேசி முடிச்சாச்சு. மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

"கடல்?"

"கடல்ல எங்கங்க விரிசல் விடும்?"

"சரி, கடலைப் பத்திப் பேசறேன்," என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடல் நீலமா இருக்கும். வாயில பட்டா உப்புக் கரிக்கும். அவ்வளவுதான், எனக்குத் தெரிஞ்சது முடிஞ்சு போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். காரின் பின் இருக்கையில் இரண்டு பெட்டிகளும், அவள் தங்கை கொடுத்தனுப்பிய கேக் டப்பாவும் குலுங்கிக்கொண்டு வந்தன. கல்யாணமாகி இருபது வருஷம். இருபது வருஷத்தில் இப்படி இரண்டு பேர் மட்டும் கிளம்பியது, கல்யாணமான புதிதில் ஒரு முறை, அப்புறம் இப்போதுதான்.

அவருக்கு நகராட்சியில் கட்டடங்களைச் சோதிக்கும் வேலை. எந்த வீட்டில் ஆள் இருக்கலாம், எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பார்த்துச் சொல்வார். இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வரலாம், கண்ணைப் பூட்டிவிட்டு வர முடியாது. சினிமாவுக்குப் போனால் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், இவர் மேற்கூரையைப் பார்ப்பார். சாவு வீட்டுக்குப் போய் துக்கம் கேட்கிற நேரத்தில் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உள்ள பொத்தலா இருக்குங்க" என்று இறந்தவரின் மகனிடமே சொன்னவர். அவள் தங்கை அவருக்கு 'விரிசல் அத்தான்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. அவரும் அதைப் பட்டம் வாங்கியவர் மாதிரி சந்தோஷமாகத்தான் சுமந்துகொண்டிருந்தார், சில வருஷத்துக்கு முன் நடந்த அந்தத் தங்கையின் கல்யாணம் வரைக்கும்.

கல்யாணக் கூடத்தில் மேடைக்கு மேலே ஒரு விரிசலைப் பார்த்தார். பார்த்ததும் பாட்டுக்காரர்களை நிறுத்தினார். முந்நூறு பேரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். மணப்பெண் அலங்காரத்தோடு வெயிலில் நின்றாள். மாமனார் செருப்புக்கூடப் போடாமல் தார்ச் சாலையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்தது. கடைசியில் ஒரு கொத்தனார் ஏணி போட்டு ஏறி, கத்தியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வெறும் பூச்சுங்க, காஞ்சு வெடிச்சிருக்கு" என்றான். மேலிருந்து ஒரு கைப்பிடி சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "உங்க கண்ணுக்கு மட்டும்தாங்க உலகமே எப்பவும் இடிஞ்சுக்கிட்டு இருக்கு."

சில மாதத்தில் அவரைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றார். அவளும் நம்பினாள்.

எனவே இந்தக் கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, புடவையும் வேண்டாம், வளையலும் வேண்டாம் என்றாள். மூன்று நாள் வேண்டும். எந்தக் கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாத மூன்று நாள். "முகத்துலயும் காட்டக் கூடாது," என்று கூடுதலாக ஒரு முடிச்சும் போட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். வாயைத் திறந்து வைத்தபடி பேச முடியாமல் கிடக்கிறவர்களின் கண்ணைப் பார்த்தே, எங்கே வலிக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவருக்குச் சொல்கிறவள். அவளிடம் முகத்தை மறைப்பது லேசான காரியமில்லை.

"அப்போ நீயும் 'என்ன பாக்கறீங்க'ன்னு கேக்கக் கூடாது," என்றார் அவர். "நீ கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது."

"கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்படி இரண்டு பேரும் தங்கள் வாயைத் தாங்களே கட்டிக்கொண்டுதான் கடலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

விடுதி அழகாகத்தான் இருந்தது. மணலில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். முன்னால் கடல், பின்னால் கறுத்த குன்று. குன்றின் மேல் பெயர் தெரியாத ராஜாக்களின் கோட்டை ஒன்று பாதி நின்றது, பாதி படுத்திருந்தது. மாலை வெளிச்சத்தில் அந்தக் கற்கள் ஈரமாக மின்னின. அந்தக் கோட்டையிலிருந்து ஒரு பெரிய சுவர் குன்றின் அடிவாரம் வரை இறங்கி வந்து, விடுதிக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நின்றது. மூன்று மாடி உயரம் இருக்கும். அதையே பின்சுவராக வைத்து, மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு, உணவுக்கூடம் கட்டியிருந்தார்கள்.

"எங்க விடுதியோட உயிரே இந்தச் சுவர்தான்," என்றாள் விடுதி மேலாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எந்தக் கேள்விக்கும் கலையாத ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது. "பாருங்க, கல்லுக்கு நடுவுல ஓட்டை இருக்கு இல்ல? மேல மழை பெஞ்சா அதுல தானா தண்ணி வரும். நாங்க ஒண்ணுமே செய்யலை. கீழ ஒரு வாய்க்கால் வெட்டி, விளக்கு மட்டும் போட்டிருக்கோம்."

விரல் நுழையும் அளவு ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் நூல் மாதிரி தண்ணீர் இறங்கி, வாய்க்காலில் சலசலத்து, கண்ணாடிக்கு வெளியே மணலுக்குப் போனது. சுவரை ஒட்டி, வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேசை.

"நாளைக்குச் சாயங்காலம் இந்த மேசை உங்களுக்கு. கல்யாண நாள் ஸ்பெஷல்."

அவள் சட்டென்று கணவரைப் பார்த்தாள். அவர் சுவரை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். முகம் நிம்மதியாக இருந்தது. "தண்ணி நல்லா வருது," என்றார். அவ்வளவுதான். அதில் சுவர் என்ற சொல்லே இல்லை. தண்ணீரைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் கிடையாது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு முழுக்க மழை. ஓட்டுக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகப் பயறு கொட்டுவது போலச் சத்தம். அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் மழை விட்டதும் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். கூட வந்தது விடுதியில் தங்கியிருந்த இன்னொரு ஜோடி, கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத புதுசுகள். பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. வந்த இடத்தில் எல்லாருக்கும் அக்கா, அண்ணன் என்று உறவு வைத்துவிட்டாள்.

"அக்கா, இருபது வருஷமா ஒரே ஆளோட எப்படிக்கா இருந்தீங்க? எனக்கு இந்தப் பத்து நாளே மூச்சு முட்டுது."

"அது பழகிடும்மா. செருப்பு மாதிரி. முதல்ல கடிக்கும்."

"நான் செருப்பாம், கேட்டுக்கோ," என்றான் புது மாப்பிள்ளை.

"அண்ணனைப் பாத்துக் கத்துக்கோ. எவ்வளவு அமைதியா வர்றார் பாரு."

அண்ணன் அமைதியாகத்தான் வந்தார். வழிகாட்டி குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் ஏறினான். ராணி குளித்த இடம், யானை கட்டிய இடம், எதிரியின் தலையை வைத்த இடம் என்று கையில் அகப்பட்ட கல்லுக்கெல்லாம் ஒரு கதை சொன்னான். உச்சியில், கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய கல் முற்றம். அதன் விளிம்புக்கு நேர் கீழே விடுதியின் கண்ணாடிக் கூடம் பொம்மை மாதிரி தெரிந்தது. அந்தப் பெரிய சுவரின் தலையில்தான் தாங்கள் நிற்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

முற்றத்தின் நடுவில் ஒரு பலகை கிடந்தது.

"அதுல கால் வைக்காதீங்க," என்றான் வழிகாட்டி. "கீழ ஒரு வெடிப்பு. போன வாரம் கத்தி நுழையற அளவுதான் இருந்துச்சு. இப்போ கால் மாட்டிக்குது. பழைய கல்லு, அப்பப்போ மூச்சு விடும். மேடம், இங்க நின்னா போட்டோ ரொம்ப நல்லா வரும்."

புதுசுகள் விளிம்பருகே போய் நின்றார்கள். வழிகாட்டி அவர்களைப் படம் எடுக்கப் போனான். அவள் அசையவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் முதலில் கடலைப் பார்த்தார். கடலை மட்டும்தான் பார்க்கிறேன் என்று நிரூபிக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். பலகையை ஒரு விரலால் நகர்த்தினார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்த வெடிப்பில் கவிழ்த்தார். பாட்டில் முழுவதும் காலியாயிற்று. தேங்கவில்லை, வழியவில்லை. எங்கேயும் போய் விழுந்த சத்தமும் வரவில்லை. அவர் தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

எழுந்து நின்று, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நல்ல காத்து," என்றார்.

அவர் வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. ஊசி போட்டும் மரத்துப் போகாத பல்லில் கருவி பட்டவுடன், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, வலிக்கவில்லை என்று தலையாட்டுகிறவர்களின் கண் அது. அந்தக் கண்ணை அவள் தினமும் பார்க்கிறவள். பார்த்தவுடன் மருத்துவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொல்லுவாள்.

இங்கே யார் தோளைத் தொடுவது? கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது அவள்தானே. 'என்ன பாக்கறீங்க' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மூட்டை கட்டச் சொல்வார். மூன்று நாளில் ஒரு நாள்தான் முடிந்திருக்கிறது. கூடத்தைக் காலி செய்யச் சொல்வார். தங்கை கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். பூச்சாகத்தான் இருக்கும், வெறும் பூச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோட்டைக்குப் பூச்சே கிடையாது என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மத்தியானம் அவர் குளிக்கப் போகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். திரும்பி வந்தபோது தலை நனையவில்லை. துண்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, உணவுக்கூடத்துக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கூடம் காலியாக இருந்தது. பரிமாறுகிறவர் ஒருவர் மட்டும் வாய்க்காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இல்லையா இன்னைக்கு?" என்றாள்.

"இல்லைங்க. விடியக்காலையில நின்னு போச்சு. நேத்து வரைக்கும் துடைச்சு மாளலை, இடுப்பே போச்சு. இன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதி. சார்கூட வந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னார்."

"அவர் எதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. காய்ச்சல் இருக்கான்னு நெத்தியில கை வைப்போம் பாருங்க, அந்த மாதிரி கையை வச்சு வச்சுப் பாத்தார். அப்புறம் மேனேஜர் மேடம்கிட்ட ஏதோ பேசிட்டுப் போனார்."

அவளும் கையை வைத்துப் பார்த்தாள். கல் குளிர்ந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கையில் நாலைந்து மணல் துகள் ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கதவை இழுத்தாள். காலையில் விரலால் தள்ளினாலே நகர்ந்த கதவு, இப்போது தரையில் உரசி, பாதியில் நின்றது. தோளால் முட்டித்தான் வெளியே வர முடிந்தது.

அறைக்குத் திரும்பியபோது மறுபடியும் தூறல். கார் இடம் மாறியிருந்தது. நேற்று கடலைப் பார்த்து நிறுத்திய வண்டி இன்று சாலையைப் பார்த்து நின்றது. உள்ளே, அவர் துணிகளை மடித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளன்னைக்குத்தானே கிளம்பறோம்?"

"கடைசி நேரத்துல தேடணும் இல்ல. அதான்."

அவள் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"என்ன பாத்தீங்க?"

அவர் ஒரு சட்டையை நான்காக மடித்தார். அப்புறம் அதைப் பிரித்து மறுபடியும் மடித்தார். "ஒண்ணுமில்லை," என்றார்.

அவள் கேட்டால் பொய் சொல்ல முடியாது என்று சொன்ன மனிதர். இருபது வருஷத்தில் அவள் கேட்டு அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"நான் சத்தியத்தை உடைச்சாச்சு. இனிமே உங்களுக்கும் கிடையாது. சொல்லுங்க."

"சொன்னா நீ நம்புவியா?"

"நம்பறேன்."

"நானே நம்பலைம்மா." அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "மேல ராத்திரி அவ்வளவு மழை. கீழ ஒரு சொட்டு வரலை. அப்போ அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. சுவருக்குப் பின்னாலதான் தேங்கி நிக்குது."

வெளியே அலை வந்து மணலில் தேய்ந்து திரும்பிப் போனது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஆனா இப்படி இருந்து, ஒண்ணும் ஆகாம நின்ன சுவரும் உண்டு. அது பாட்டுக்கு இன்னும் ஆயிரம் வருஷம் நிக்கலாம். முன்னாடின்னா எனக்கு ஒரு பார்வையில தெரியும். அந்தக் கல்யாணத்துக்கப்புறம் எதைப் பாத்தாலும் உள்ள ஒரு குரல், வெறும் பூச்சுங்கன்னு சொல்லுது. நானா கேட்டுத்தான் கோப்புப் பிரிவுக்குப் போனேன். பதவி உயர்வெல்லாம் இல்லை. மத்தவங்க போய்ப் பாத்து எழுதிக்கிட்டு வருவாங்க. அதுக்குக் கீழ கையெழுத்துப் போடறேன். அதுக்குக் கண்ணு வேண்டாம் பாரு."

காரில் அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியம். கோபத்தில் சொன்னது, அடுத்த நாளே அவள் மறந்தும் போனது. அது இந்த மனிதருக்குள்ளே போய் இத்தனை வருஷமாகத் தேங்கி நின்றிருக்கிறது.

"இப்போ என்ன செய்யலாம்?"

"போயிடலாம். உனக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. சத்தமில்லாம நம்ம ரெண்டு பேரும் கிளம்பிடலாம்." கெஞ்சுவது போல இருந்தது குரல். "ஒண்ணும் ஆகலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை. யாரும் சிரிக்க மாட்டாங்க."

பெட்டிகளைக் காரில் ஏற்றியபோது தூறல் மழையாகிவிட்டது. மாலை வெளிச்சம் அடங்கும் நேரம். வரவேற்பு மேசையில் மேலாளர் அதே சிரிப்போடு இருந்தாள்.

"அடடா, வயிறா? மழைத் தண்ணியா இருக்கும். டாக்டரை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. வீட்டுக்கே போயிடறோம்."

"கேக் வேற பண்ணியாச்சே. பரவாயில்லை, கட்டிக் கொடுக்கச் சொல்றேன்." அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு மேடம். சார்தான் மத்தியானமே வந்து, சுவர்கிட்ட இருக்கற மேசை வேண்டாம், காத்து வர்ற மாதிரி கதவு பக்கமா போடுங்கன்னுட்டார். அந்த மேசையை எங்களுக்குத் தாங்கன்னு அந்தப் புதுப் பொண்ணு நேத்துலேருந்து என்னை நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. கொடுத்ததும் குதிச்சா பாருங்க, சின்னக் குழந்தை மாதிரி."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

காரில் ஏறினார்கள். வண்டி வாசலைத் தாண்டியது. வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது. கண்ணாடிக் கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்து, மழைக்குள் மஞ்சளாகக் கரைந்தன. விளக்குக்குப் பின்னால் அந்தச் சுவர் கடலை விடப் பெரியதாகத் தெரிந்தது.

"நம்ம மேசையை அவங்களுக்குக் கொடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கொடுத்தப்புறம்தான் சொன்னா."

"அப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எனக்கு நிச்சயமா தெரியாதே."

"நிறுத்துங்க வண்டியை."

"மழை..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்!"

அவள் இறங்கி ஓடினாள். செருப்பு மணலில் புதைந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பின்னால் அவர் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவு பாதி திறந்த நிலையில் சிக்கியிருந்தது. ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். மெல்லிய இசை. ஏழெட்டு மேசைகளில் ஆட்கள். சூப் கிண்ணங்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கரண்டிகள் பாதி வழியில் நின்றன. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு நிற்கிற ஒரு பெண்ணை எல்லாரும் பார்த்தார்கள்.

மேலாளர் விரைந்து வந்தாள். "மேடம், என்ன ஆச்சு? எதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லும்மா. இப்பவே. இந்தச் சுவர் நல்லா இல்லை."

"சுவரா?" சிரிப்பு கொஞ்சமும் கலையவில்லை. "யார் சொன்னாங்க மேடம்?"

"என் வீட்டுக்காரர். அவருக்கு இதுதான் வேலை."

எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பின. அவர் கதவிடுக்கில் நின்றிருந்தார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மேலாளர் மரியாதையாகவே கேட்டாள். "சார், நிஜமாவா? நீங்க உறுதியா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் முதலாளிக்குப் போன் பண்றேன். இத்தனை பேர் மழையில எங்க போய் நிப்பாங்க? சொல்லுங்க சார்."

அவர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது. அவளுக்கு அவரை ஓடிப்போய் உலுக்க வேண்டும் போல இருந்தது. சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க.

"எனக்கு... நிச்சயமா தெரியாதும்மா," என்றார் அவர்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒரு மேசையில் கரண்டி மறுபடியும் கிண்ணத்தில் இடித்தது. "குடிச்சிருக்காங்களோ?" என்று ஒரு குரல். மேலாளர் அவள் முழங்கையை மெதுவாகப் பிடித்தாள். அந்தச் சிரிப்பில் இரக்கம் கலந்திருந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். சினிமாக் கொட்டகைகளிலும் உறவுக்காரர்கள் வீடுகளிலும் கணவர் சார்பில் மன்னிப்புக் கேட்பது போல அவளே எத்தனையோ பேரிடம் சிரித்த சிரிப்பு அது. எதிரில் நின்று வாங்கிக்கொள்ளும்போது அது எப்படியிருக்கும் என்று இன்றுவரை தெரியாமல் இருந்திருக்கிறது.

கையை உதறிக்கொண்டு, சுவரோரத்து மேசைக்குப் போனாள்.

புதுசுகள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலுக்குள் விளக்குகள் எரிந்தன. தண்ணீர் இல்லை. மேசையின் வெள்ளை விரிப்பில் கைப்பிடி அளவு மணல் குவிந்திருந்தது. அது மேலே கல்லிடுக்கிலிருந்து பொலபொலவென்று மெல்லிய சத்தத்தோடு விழுந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை ரொட்டித் துண்டின் மேலிருந்த மணலை ஊதித் தள்ளினான்.

"பாருங்கக்கா," என்றாள் அந்தப் பெண், அவள் கோலத்தைக் கண்டு என்ன சொல்வதென்று தெரியாமல். "அப்போலேருந்து கொட்டிக்கிட்டே இருக்கு. துடைக்கத் துடைக்க வருது. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே? உட்காருங்க. என்னக்கா, இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். மருதாணிக் கை சூடாக இருந்தது. அந்தப் பெண் முதலில் கணவனைப் பார்த்தாள். அப்புறம் மேலாளரைப் பார்த்தாள். சங்கடமாகச் சிரித்தாள். கையை மெதுவாக இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் விடவில்லை. என்ன காரணம் சொன்னால் இவள் எழுந்து வருவாள் என்று தேடினாள். ஒரு காரணமும் அகப்படவில்லை. சொல்வதற்கு இருந்ததெல்லாம் இவ்வளவுதான்.

"என்கூட வா கண்ணு. எதுக்குன்னு கேக்காத. எனக்காக ஒரு நிமிஷம் எழுந்து வெளிய வா."